பருப்பு வந்த வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்

நவராத்திரி நெருங்கும் நாட்களில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போனால், நடைபாதைக் கடைகளில் தசாவதார செட்டுக்கும் கல்யாண செட்டுக்கும் பக்கத்தில் செட்டியார் பொம்மை கட்டாயம் உட்கார்ந்திருக்கும். தொந்தி சரிந்த செட்டியார், அருகில் அவர் மனைவி, முன்னால் சின்னச் சின்னத் தட்டுகளில் அரிசி, பருப்பு, மிளகாய், காய்கறி. பொம்மையோடு வரும் மண் குவியல்களை ஒதுக்கிவிட்டு, அடுக்களையிலிருந்து நிஜப் பருப்பையே அள்ளி வைக்கிற வீடுகளும் உண்டு. அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளுடையது.

பிள்ளை அள்ளி வைத்த அந்தத் துவரம் பருப்பு எங்கே விளைந்தது? நம் நாட்டில் துவரையை ஆனி, ஆடியில் விதைத்து மார்கழிக்கு மேல்தான் அறுப்பார்கள். ஆகவே புரட்டாசி, ஐப்பசியில் உள்நாட்டுக் கையிருப்பு மெலிந்துவிடும். அதே நேரத்தில் மொசாம்பிக், மலாவி, தான்சானியா நாடுகளில் அறுவடை முடிந்து நக்காலா, பெய்ரா போன்ற துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல்கள் கிளம்பும். இன்னொரு பக்கம் மியான்மார் துவரை. வியாபாரிகள் அதை ‘லெமன்’ என்பார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேரும் விலையை வைத்தே அதற்குப் பேரம் பேசுகிறார்கள். இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தும் அப்படித்தான்: நாம் இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மாருடையது. எஃப்.ஏ.கியூ., எஸ்.கியூ. என்று அதற்கு இரண்டு தரம், இரண்டு விலை. சாம்பாரில் போடும் பெருங்காயத்தின் மூலப்பொருள் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அந்தச் செடியை முதன்முதலாக நட்டதே 2020 அக்டோபரில்தான். நவராத்திரிச் செட்டியாரின் கடையில் மூன்று நான்கு நாடுகள் உட்கார்ந்திருக்கின்றன.

நாடுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது கிளம்பிய வயல்வரை போய்ப் பார்க்க வேண்டும். அந்த வயலில் நின்றவருக்கு என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் வாதம் இவ்வளவுதான். இதில் முதல் பாதி எளிது. இரண்டாம் பாதியைத்தான் நாம் தவிர்த்துவிடுகிறோம்.

விதைக்கச் சொன்னவர் யார்?

2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பருவமழை குறைந்து விளைச்சல் படுத்துவிட்டது. தி. நகர் மளிகைக் கடைகளில் அரைக் கிலோ, கால் கிலோ என்று வாங்கினார்கள். பல வீடுகளில் பாசிப்பருப்பு சாம்பாருக்கு மாறினார்கள்.

மறு ஆண்டு ஜூலையில் பிரதமர் மோடி மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவுக்குச் சென்றபோது ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2016-17இல் 1 லட்சம் டன்னில் தொடங்கி, 2020-21இல் 2 லட்சம் டன்வரை துவரை உள்ளிட்ட பருப்பு வகைகளை அந்நாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் ஏற்பாடு அது. அங்கே துவரை போடுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பேசியா, நம்புலா மாகாணங்களின் சிறு விவசாயிகள். மழையை நம்பி, மக்காச்சோளத்துக்கு ஊடே துவரையை விதைப்பவர்கள். அவர்கள் சாப்பாட்டில் துவரைக்கு நம் வீட்டில் இருக்கும் இடம் கிடையாது. விளைச்சலின் பெரும்பகுதியும் இந்தியா வாங்கும் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்பது. இந்தியாவிலிருந்து அப்படி ஒரு சொல் வந்த பிறகு ஒரு விவசாயி என்ன செய்வார்? கூடுதலாக விதைப்பார். விதைத்தார்கள்.

இங்கேயும் அதே கதைதான். 2015இன் விலையைப் பார்த்த கர்நாடக, மகாராஷ்டிர விவசாயிகள் துவரைக்கு மாறினார்கள். மழையும் கைகொடுத்தது. முந்தைய ஆண்டில் சுமார் 26 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் துவரை விளைச்சல், 2016-17இல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. கர்நாடகத்தின் கலபுரகிச் சந்தையில் விலை, அரசு ஆதரவு விலையாக அறிவித்திருந்த குவிண்டாலுக்கு 5,050 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உள்நாட்டு விவசாயியைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அரசுக்கு. 2017 ஆகஸ்ட் 5 அன்று, துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது.

ஆகஸ்ட் என்பது நம்புலாவில் அறுவடைக் காலம். இரு அரசுகளின் ஒப்பந்தத்தில் அடங்கிய அளவுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு தரப்பட்டது உண்மைதான். ஆனாலும் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க வாங்குவோர் பின்வாங்கினார்கள். விலை சரிந்தது. முந்தைய ஆண்டின் விலையை நம்பி விதைத்தவர்கள் மூட்டையோடு நின்றார்கள். அதே மாதங்களில் சென்னையில் துவரம் பருப்பு கிலோ 100 ரூபாய்க்கும் கீழே கிடைத்தது. நாம் நிம்மதியாக வாங்கினோம்.

கதை அதோடு முடியவில்லை. 2021 மே மாதம் இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியது. 2023இன் இறுதியில் இந்தியாவில் விலை மறுபடி ஏறிக் கிடந்தபோது, மொசாம்பிக்கில் ஏற்றுமதியாளர்களுக்குள் எழுந்த வழக்கால் நக்காலா துறைமுகத்தில் பருப்பு தேங்கிப்போனது. சரக்கை விடுவிக்கும்படி டெல்லி மபூட்டோவைக் கேட்டுக்கொண்டது. அந்த முறை காத்திருந்தவர்கள் நாம்.

இதில் வில்லன் யாரும் இல்லை. கலபுரகி விவசாயியின் கண்ணீரும் உண்மை, நம்புலா விவசாயியின் கண்ணீரும் உண்மை, விலை குறையாதா என்று ஏங்கிய மாம்பலம் வீட்டின் கணக்கும் உண்மை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று சொல்கிறவர்கள் பிள்ளைகளோடு பேசிப் பார்க்காதவர்கள்.

புத்தகத்தில் இருப்பது

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. காட் ஒப்பந்தம் 1948, உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரி 1, தலைமையகம் ஜெனீவா. ஒரு மதிப்பெண் வினாவுக்குத் தோதான விவரங்கள். அதே புத்தகத்தில் தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள் பற்றியும் தனியாக ஒரு பாடம். திருப்பூரும் சிவகாசியும் கரூரும் அதில் வரும். இரண்டையும் ஒரே நூலில் கோத்து, ஜெனீவாவில் பேசுவது திருப்பூரில் ஒரு தையல் மெஷினை எப்படி நிறுத்தும் என்று சொல்லித்தரும் வகுப்புகள் மிகக் குறைவு. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொதுத்தேர்வு மார்ச்சில் காத்திருக்கிறது, அதற்குள் பாடத்தை முடித்தாக வேண்டும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நிலைமை இன்னும் கவனிக்க வேண்டியது. அடையாறு, மயிலாப்பூர் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் பத்தாம் வகுப்புப் பொருளியல் நூலில், உலகமயமாதலுக்கு எடுத்துக்காட்டாகவே பல ஆண்டுகள் இருந்துவந்தது நம் ஊர் ஃபோர்டு தொழிற்சாலை. 1995இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க நிறுவனம், 1,700 கோடி ரூபாய் செலவில் சென்னைக்கு அருகே கார் ஆலை கட்டியது என்ற வரியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஏராளம். 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலை 2022இல் நின்றுபோனது. நுழைவாயிலில் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து 40 கிலோமீட்டரில் நடந்தது இது. நிறுவனம் வந்த கதையைப் படித்த பிள்ளைக்கு அது போன கதையையும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். முதலீடு வரும்போது நாம் எதைக் கொடுக்கிறோம், போகும்போது யார் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

கத்திரிக்கோல் யாரிடம்?

பிரிட்டனின் கிறிஸ்டியன் எய்டு அமைப்பு பள்ளிகளிடையே பரப்பிய வணிக விளையாட்டு ஒன்று உண்டு. உலகெங்கும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றி அதை ஆடவைக்கிறார்கள். வகுப்பை ஐந்தாறு குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்குக் கத்திரிக்கோல், அளவுகோல், கவராயம், கொஞ்சம் பணம். வேறு சில குழுக்களுக்கு வெறும் தாள் மட்டும் கட்டுக்கட்டாக. குறிப்பிட்ட அளவில் வட்டம், முக்கோணம், செவ்வகம் வெட்டிக் கொடுத்தால் வங்கி வாங்கிக்கொள்ளும். விளக்கம் அவ்வளவுதான். மீதியைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அடையாறு பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்போடு இதை ஆடியபோது வங்கி மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரே கூச்சல். பிறகு தாள் வைத்திருந்த குழுக்கள் கத்திரிக்கோல் குழுவிடம் வாடகை பேச ஆரம்பித்தன. நான்கு தாள் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குக் கத்திரிக்கோல் என்று தொடங்கிய பேரம் கொஞ்ச நேரத்தில் எட்டுத் தாளுக்கு ஏறியது. வட்டத்துக்கு விலை இரண்டு மடங்கு என்று நடுவில் அறிவித்தேன். எல்லோரும் வட்டத்துக்குப் பாய்ந்தார்கள். ஒரு குழு கையில் இருந்த தாளில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, மீதி அத்தனையையும் வட்டமாக வெட்டிக் குவித்தது. அப்போது, வட்டம் நிறைய வந்துவிட்டது, இனிமேல் பாதி விலை என்றேன்.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து நின்றாள். “நீங்கதான சார் வட்டம் வெட்டச் சொன்னீங்க?” பதில் சொல்லும்வரை உட்காரமாட்டேன் என்று நின்றாள். முகம் சிவந்திருந்தது. குழுவில் மற்றவர்கள் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். “முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்.” இன்னொரு பையன், “பாதி விலைன்னா நாங்க விக்கமாட்டோம்” என்றான். விற்காமல் வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கத்திரிக்கோல் குழுவிலிருந்து ஒருவன் சொன்னான்: “எங்ககிட்டயும் இப்ப யாரும் வாடகைக்கு வரமாட்டேங்கறாங்க சார். அவங்ககிட்ட பேப்பரே இல்ல.”

விளையாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மொசாம்பிக் துவரையின் கதையைச் சொன்னேன். வரைபடத்தில் நம்புலாவைத் தேட அவர்களே அட்லஸ் எடுத்தார்கள். எழுந்து நின்ற பெண் கேட்ட முதல் கேள்வி, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா என்பது. எவ்வளவு முன்கூட்டி என்று இன்னொரு பிள்ளை கேட்டது. விதைப்பதற்கு முன்னால் என்றாள் அவள். வர்த்தகக் கொள்கை நிலையாக இருக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான்.

ஏற்றத்தாழ்வைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுகொள்கிறார்கள். பரஸ்பர சார்பு என்று புத்தகம் சொல்லும்போது இரு பக்கமும் சமமாகச் சாய்ந்திருப்பதுபோலத் தோன்றும். நடப்பில் ஒருவருக்கு விலகிப்போக வழி இருக்கும், மற்றவருக்கு இருக்காது. வணிகத்தைப் பற்றிப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரு பக்கமும் நாமே

இதைச் சொல்லிக்கொடுக்க நமக்கு ஒரு தகுதி இருக்கிறது. அந்தத் தராசின் இரு தட்டிலும் நாம் இருந்திருக்கிறோம்.

2017இல் டெல்லி எடுத்த முடிவு நம்புலாவில் விலையைச் சரித்தது. 2025இல் வாஷிங்டன் எடுத்த முடிவு திருப்பூரை உலுக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி. ஆகஸ்ட் 27 முதல் அது 50 சதவீதம். அமெரிக்காவையே நம்பியிருந்த பின்னலாடை ஆலைகளில் ஆர்டர்கள் நின்றன. கிறிஸ்துமஸ் விற்பனைக்காகத் தைத்துக்கொண்டிருந்த சரக்கை என்ன செய்வது என்று தெரியாமல் உரிமையாளர்கள் தவித்தார்கள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓவர்டைம் சம்பளத்தை நம்பி வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்களின் வேலை நேரம் குறைந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை என்று சொல்லப்பட்ட வரி, கச்சா எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு டைலரின் தலையில் விழுந்தது.

தி. நகரில் பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று குவித்து விற்கும் டி-ஷர்ட்டுகளைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். கழுத்துப் பட்டியில் பிராண்டு பெயரைக் கத்தரித்த தடம் இருக்கும். உள்பக்கத் தையலில், சலவைக் குறிப்பு நான்கைந்து மொழிகளில் அச்சான வெள்ளைத் துணித் துண்டு சில சமயம் தப்பித்திருக்கும். அந்தத் துண்டில் எந்தெந்த மொழி இருக்கிறது என்று பார்த்தாலே, இந்தச் சட்டை எங்கெல்லாம் போயிருக்க வேண்டியது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். செலவில்லாத பாடம்.

அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலை நாள்தோறும் பள்ளிப் பேருந்துகள் கடந்துபோகின்றன. 1948இல் தொடங்கிய நிறுவனம் அது. 1990களில், தோலைப் பதப்படுத்தும் சில வேதிப்பொருட்களுக்கும் சாயங்களுக்கும் ஜெர்மனி தடை விதித்தபோது, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடும் முறையே மாற வேண்டியிருந்தது. ஜெர்மானியரின் பாதத்துக்குத் தீங்கு வரக் கூடாது என்ற சட்டம் பாலாற்றங்கரைத் தொழிலை மாற்றியது. ஆனால் அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்ததைத் தடுக்க, வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம்வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. ஷூ கப்பலேறிப் போகிறது, அழுக்குத் தண்ணீர் இங்கே தங்குகிறது. ஏற்றுமதி மதிப்பை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பழைய கதைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1639இல் ஃபிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், இங்கே பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. அந்தத் துணி லண்டனில் அமோகமாக விற்று, அங்குள்ள நெசவாளர்கள் கொதித்தெழுந்து, பிரிட்டன் 1700இலும் 1721இலும் இந்தியத் துணிக்கு எதிராகச் சட்டம் போட்டது. இறக்குமதித் தடை என்பது இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு இல்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் முதல் பாலத்தைத் தன் பணத்தில் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். இன்றைய மறைமலை அடிகள் பாலத்தருகே அவர் வைத்த கல்வெட்டு இன்னும் இருக்கிறது. வணிகம் ஓர் ஊருக்கு எதை விட்டுச்செல்லும் என்பதற்கு நல்ல பக்கத்திலும் சாட்சி வேண்டும் அல்லவா?

எங்கே தொடங்குவது?

ரேஷன் கடையில் தொடங்கலாம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருவது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா தன் மக்களுக்கே எண்ணெய் போதவில்லை என்று ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23இல் தடை நீங்கியது. தடை வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியிருந்தது. கடைக்காரர் அந்த மாதங்களில் எழுதிவைத்த விலையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகள் உலக வரைபடத்தின் பக்கத்தில் எழுதட்டும். காபிக்கும் இது பொருந்தும். வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி வந்த 2024இல், மயிலாப்பூர் காபிக்கடைகளில் பீபரி, பிளாண்டேஷன் ஏ என்று எழுதிய பலகையில் விலை மாறிக்கொண்டே இருந்தது. அந்தச் சந்தை ஏற்றத்தில் கூர்க் விவசாயிக்கு லாபம். சந்தை எப்போதும் ஒரே ஆளை அடிப்பதில்லை என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானது. அதையொட்டிப் பாடநூல்கள் திருத்தப்படும்போது, உலகமயமாதல் பாடத்தில் ஒரு பக்கத்தையாவது ஒரே ஒரு பொருளின் முழுப் பயணத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் அமர்ந்து பாடம் எழுதுபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். துவரையோ, பின்னலாடையோ, தோலோ, எதுவாகவும் இருக்கட்டும். ஆண்டு, இடம், விலை, அரசாணை எல்லாம் உண்மையானதாக இருக்க வேண்டும். ஒரு நாட்டின் நல்லெண்ணத்தைப் போற்றும் பக்கமாக அது ஆகிவிடக் கூடாது.

தேர்வில் ஒரு வினாவும் வேண்டும். 2017 ஆகஸ்டில் கலபுரகி விவசாயிக்கும் விலை கிடைக்க வேண்டும், நம்புலா விவசாயிக்குக் கொடுத்த வாக்கும் நிற்க வேண்டும், சென்னையில் பருப்பு விலையும் ஏறக் கூடாது. நீங்கள் என்ன முடிவு எடுப்பீர்கள், அந்த முடிவால் நஷ்டப்படுகிறவருக்கு என்ன சொல்வீர்கள்? விடைக்குறிப்பில் ஒரே விடையை அச்சடிக்காமல், மூவரையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு முழு மதிப்பெண் தரலாம். இரண்டாவது கேள்விக்கு விடை எழுதாமல் விட்டவருக்குப் பாதி.